நேரடி ஒளிபரப்பும் நேயரும்



கைத்தொலைபேசியின் சிறு திரையில், ஒரு மூலையிற் சிவப்புப் பொட்டொன்று தோன்றி, அதனருகே 'நேரலை' என்று எழுதியிருக்குமாயின், உலகின் எங்கோ ஓரிடத்தில் நிகழ்வதை நிகழும் கணத்திலேயே நாம் காண்கின்றோம் என்று கொள்கின்றோம். கட்டாரிலிருந்து அல் ஜசீரா, பாரிஸிலிருந்து பிரான்ஸ் 24, ஜேர்மனியிலிருந்து டொய்ச்ச வெல்ல, இலண்டனிலிருந்து ஸ்கை நியூஸ் ஆகிய நிறுவனங்களின் செய்தி ஒளிபரப்புகள் இணையத்தின் வழியாக இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுவான்கரையில் மீன்வாடியிலே இருப்பவரும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயற்காவலில் இருப்பவரும் அவற்றைக் காணலாம். காண்பதோடு அமையாது, திரையின் ஓரத்தில் ஓடும் அரட்டைப் பகுதியிலே தம் கருத்தை எழுதி அனுப்பவும் செய்யலாம். இவ்வசதியை நம் முன்னோர் கனவிலும் கண்டிலர். எனினும், அச்சிவப்புப் பொட்டு நமக்கு எதற்கு உறுதி கூறுகின்றது, எதற்கு உறுதி கூறவில்லை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனையே இன்று ஆராய்வோம்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பிலே தொடங்கியது. இலண்டன் பி. பி. சி. நிலையம் 1941 இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. அதுவே பின்னர் 'தமிழோசை' என்னும் பெயரால் நம் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அறியப்பெற்று, 2017 ஏப்பிரல் 30 வரை சிற்றலையில் ஒலித்தது. இலண்டனிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. வானொலி அலை ஒளியின் வேகத்திற் செல்வதாகலின், இத்தொலைவைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கே வேண்டும். இலண்டன் மாநகரின் பெரிய மணிக்கூண்டு ஒலிப்பதை நேரே சிற்றலையில் அனுப்பும்பொழுது, அவ்வூர்த் தெருவிலே நூறு மீற்றர் தள்ளி நிற்பவன் காதில் அவ்வோசை விழுவதற்கு முன்னரே, கல்லடியில் வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருப்பவன் அதனைக் கேட்டுவிடுவான். காற்றிற் செல்லும் ஒலி விநாடிக்கு 340 மீற்றர் தூரமே செல்லும் என்பதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இன்றைய இணைய ஒளிபரப்போ இந்த வேகத்தை உடையதன்று. இது கேட்போருக்கு வியப்பாக இருக்கலாம். கிரிக்கெற் ஆட்டம் நடக்கும் நாட்களில் இதனை நாம் கண்கூடாகக் காணலாம். அயல்வீட்டில் வானொலி கேட்பவர் 'அவுட்' என்று கூவி எழும்பொழுது, நம் கைத்தொலைபேசியிற் பந்துவீச்சாளன் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பான். அரை நிமிடம் பிந்தியதை நாம் 'நேரலை' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

இத்தாமதம் எங்கிருந்து வருகின்றது? கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிகளைக் குறை கூறுதல் பொருந்தாது. கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் அக்கம்பிகளில் ஒளி விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. உலகின் மறுபாதியிலிருந்து வருவதாயினும் அதற்கு விநாடியின் ஒரு சிறு பங்கே போதும். தாமதத்துக்குக் காரணம் படத்தை அனுப்பும் முறையே. ஆற்றுநீர் போல இடையறாது ஓடிவருகின்றது என்று நாம் எண்ணும் படம், உண்மையிற் குடங்குடமாக முகந்து அனுப்பப்படுகின்றது. படப்பெட்டியிலிருந்து வரும் காட்சி முதலிற் சுருக்கப்படுகின்றது. பின்னர் இரண்டு விநாடி, ஆறு விநாடி, பத்து விநாடி எனத் துண்டு துண்டாக நறுக்கப்படுகின்றது. அத்துண்டுகள் பல நாடுகளிலுள்ள சேமிப்புக் கணினிகளில் வைக்கப்படுகின்றன. நம் தொலைபேசி தனக்கு அண்மையிலுள்ள ஒன்றிலிருந்து அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்குகின்றது. வாங்கிய முதல் துண்டை உடனே காட்டிவிட்டால், அடுத்தது வந்து சேரப் பிந்தும்பொழுது படம் உறைந்து நின்றுவிடும். ஆகையால் இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பிற் சேர்த்துக்கொண்ட பின்னரே காட்டத் தொடங்குகின்றது. இருபது விநாடி, முப்பது விநாடி, சிலவேளை அதற்கு மேலும் தாமதம் ஏற்படுவது இவ்வாறே. அலைவரிசை மெலிந்த ஊர்களில் இது மேலும் கூடும்.

அரை நிமிடம் பிந்துவதால் யாருக்கும் பெருங்கேடு விளையப் போவதில்லை. கேடு விளைவித்த தாமதம் வேறொன்று. அது நம் கரையிலேயே நிகழ்ந்தது.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி காலை, நம் நாட்டுக் கடிகாரம் 7 மணியை அண்மித்தபொழுது, சுமாத்திராவின் மேற்கே கடலடி நிலம் பிளந்தது. பசுபிக் சமுத்திரத்து நாடுகளுக்காக ஹவாய்த் தீவில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை நிலையம் 7.14 மணிக்கே முதல் அறிக்கையை வெளியிட்டது. நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றும், பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அது கூறிற்று. 8.04 மணிக்கு வந்த இரண்டாம் அறிக்கை, அளவை 8.5 என உயர்த்தி, நடுக்கம் நிகழ்ந்த இடத்துக்கு அண்மையில் அலை எழக்கூடும் என்றது. அந்நடுக்கத்தின் அளவு 9.1 எனப் பின்னரே கணிக்கப்பட்டது. அந்நேரத்தில் அலை நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்றிடலாகிய நாவலடியிலும், கல்லடி, திருச்செந்தூர் முதலான ஊர்களிலும் அன்று நேர்ந்தது நேயர்கள் அறியாததன்று. அதனை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. இலங்கை முழுவதிலும் 35,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நிலம் நடுங்கியதற்கும் அலை வந்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. கல்லடிப் பாலத்தை நடந்து கடப்பதற்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும். செய்தி உலகத்தில் இருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்து நாடுகளுக்கு எச்சரிக்கை சொல்லும் ஒழுங்கு அன்று ஏதும் இருக்கவில்லை. சொல்லப்பட்டிருப்பினும் அதனைக் கரையோரத்துக் குடிசை வரைக்கும் கொண்டு சேர்க்கும் வழியும் இருக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. வானொலிப் பெட்டிகள் இருந்தன. அவற்றிற் பாட்டும் பக்தியுரையும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஏழாண்டு கழிந்து, 2012 ஏப்பிரல் 11 ஆந் திகதி பிற்பகல் 2 மணியளவில், அதே கடலில் 8.6 அளவான நடுக்கம் மீண்டும் உண்டாயிற்று. இம்முறை எச்சரிக்கை வந்தது. இந்து சமுத்திரத்துக்கென அமைந்த எச்சரிக்கை முறை அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. நம் அனர்த்த முகாமைத்துவ நிலையம் கரையோர மக்களை விலகுமாறு அறிவித்தது. வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகிய எல்லாவற்றின் வழியாகவும் செய்தி பரவிற்று. மக்கள் உள்நாடு நோக்கிச் சென்றனர். நிலத்தட்டுகள் அன்று மேலுங் கீழுமாகப் பெயராது பக்கவாட்டில் உராய்ந்தமையால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. 'வீணாய் ஓடினோம்' என்று அன்று முணுமுணுத்தோரும் உண்டு. அம்முணுமுணுப்பை நான் குறையாகக் கருதவில்லை. உயிரோடிருப்பவர்க்கே முணுமுணுக்க முடியும்.

ஆகவே செய்தி விரைந்து வருதல் பெரும் பேறு. அதில் ஐயமில்லை. விரைந்து வருவதெல்லாம் சரிபார்க்கப்பட்டு வருகின்றதா என்பதே அடுத்த வினா. இதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்த அதே காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். உலகத்துச் செய்தி நிறுவனங்கள் யாவும் அன்று இலங்கையை நோக்கித் திரும்பின. இறந்தோர் தொகை மணிக்கு மணி ஏறிற்று. சில நாட்களில் அது 359 ஆயிற்று. ஏப்பிரல் 25 ஆந் திகதி சுகாதார அமைச்சு அத்தொகையை மீளக் கணக்கிட்டு, ஏறக்குறைய 253 என அறிவித்தது. சிதைந்த உடல்கள் ஒரு முறைக்கு மேற் கணக்கிடப்பட்டமையே காரணம் என்றனர். நூறு பேருக்கு மேற்பட்ட வேறுபாடு! அதற்கு முன் 359 என்று சொன்ன செய்தியாளர் பொய் கூறினாரல்லர். அதிகாரிகள் அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார். பிண அறையிற் கணக்கெடுத்த வைத்தியரும் பொய் கூறினாரல்லர். அவர்தம் கையில் இருந்த வேலை அப்படிப்பட்டது. படம் அரை நிமிடத்தில் நம்மை அடைந்தது. உண்மை நான்கு நாட்கள் நடந்து வந்தது.

இங்கே நம் மொழியின் ஓர் இயல்பை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன். தானே கண்டதை 'வந்தான்' என்கின்றோம். பிறர் சொல்லக் கேட்டதை 'வந்தானாம்' என்கின்றோம். எழுத்தறியாத மூதாட்டியும் இவ்வேறுபாட்டிற் பிழைவிடமாட்டாள். பிற மொழிகள் சிலவற்றில் இதனைச் சொல்லத் தனி வாக்கியம் ஒன்று வேண்டும். நமக்கு ஈற்றில் ஈரெழுத்துப் போதும். சுனாமிக்குப் பின் பல நாட்கள் கரையோர ஊர்களில் 'திரும்பவும் கடல் வருகுதாம்' என்னும் பேச்சு எழுந்து மக்களை ஓட வைத்தது. அப்பேச்சிலுங்கூட அந்த 'ஆம்' ஒட்டிக்கொண்டிருந்தது. சொன்னவன் தான் கண்டதாகச் சொல்லவில்லை. கேட்டவனே அதனைக் கவனியாது விட்டான்.

நேரலையைப் பார்த்துவிட்டுப் பேசும்பொழுதோ அந்த 'ஆம்' அடியோடு மறைந்துவிடுகின்றது. 'இறந்தவர் 359 பேர்' என்று சொல்லுகின்றோம்; '359 பேராம்' என்று சொல்லுவதில்லை. கண்ணாற் கண்டோமே என்பது நம் நினைவு. நாம் கண்டது எதனை? புகையைக் கண்டோம், ஓடுகின்ற மனிதரைக் கண்டோம், கீழே ஓடிய எழுத்துவரியைப் படித்தோம். புகையையும் மனிதரையும் பொறுத்தவரை நாம் கண்டவர். எண்ணிக்கையைப் பொறுத்தவரை கேட்டவர். வெடித்தது எது, வெடிக்கச் செய்தவர் யார் என்பவற்றிலும் நாம் கேட்டவரே. நல்ல செய்தியாளர் இவ்வேறுபாட்டைத் தம் பேச்சிற் காத்துக்கொள்வர். 'பொலிஸார் கூறுகின்றனர்', 'இது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை', 'இப்படத்தை நாம் தனியாகச் சரிபார்க்க இயலவில்லை' என்பன அவர்தம் வாயிலே அடிக்கடி வரும் தொடர்கள். கேட்போர் பலர் இவற்றை வெறும் அலங்காரமாகக் கருதிச் செவியில் ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் அவை நீண்ட தொடர்களாயிருப்பினும், தமிழில் அவை யாவும் ஓர் 'ஆம்' என்பதற்கே சமானம். வீட்டிலே பிள்ளைகளுக்கு அச்செய்தியைத் தமிழிற் சொல்லும்பொழுது அதனைச் சேர்த்துச் சொன்னால் மொழிபெயர்ப்புச் சரியாகும்.

இனி, நாம் திருப்பிப் பேசும் வசதியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சிற்றலைக் காலத்தில் நேயரின் குரல் கடிதமாகவே சென்றது. வானஞ்சலில் அது இலண்டன் போய்ச் சேரக் கிழமை கணக்காகும். நிகழ்ச்சியின் திகதி, நேரம், அலைவரிசை, ஒலி தெளிவாயிருந்ததா, இரைச்சல் இருந்ததா என்பவற்றை ஒழுங்காகக் குறித்து எழுதும் நேயர்கள் இருந்தனர். நிலையங்களும் அக்குறிப்புகளை மதித்து, அத்தாட்சி அட்டைகளைப் பதிலாக அனுப்பின. ஓர் இலிகிதம் நிலையத்தில் ஒருவர் கையிற் சேர்ந்து, பிரித்து வாசிக்கப்பட்டது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. முத்திரைக்குப் பணம் உள்ளவரும், எழுத வல்லவருமே அன்று பேசினர். வாகரையில் ஓர் ஏழை மாணவன் தன் சொல்லை டோகா நகருக்கு ஒரு நிமிடத்தில் அனுப்பக்கூடிய காலம் இதுவே.

ஆனால் அச்சொல் அங்கே யார் கையிற் சேர்கின்றது? பெருநிகழ்ச்சியொன்றின் நேரலையை ஒரே வேளையிற் பல்லாயிரவர் காண்கின்றனர். அரட்டைப் பகுதியில் வரிகள் கண்ணால் வாசிக்கவியலாத வேகத்தில் மேலேறி மறைகின்றன. செய்தி வாசிப்பவர் முன்னே அவ்வரிகள் இருப்பதில்லை. அவர் காண்பது தம் குறிப்பையும் படப்பெட்டியையுமே. வசவையும் விளம்பரத்தையும் நீக்குவதற்குச் சிலர் அமர்த்தப்பட்டிருப்பர். பெரும்பகுதியை இயந்திரமே வடிகட்டுகின்றது. நாம் எழுதியது நம் திரையிலே தோன்றுவதால் எல்லோரும் கண்டனர் என்று எண்ணுகின்றோம். மேலும், முன்னே விளக்கிய அரை நிமிடத் தாமதம் இங்கே நம்மை ஏமாற்றுகின்றது. திரையில் ஒன்றைக் கண்டு நாம் வினா எழுதி அனுப்பும்பொழுது, நிலையத்தில் உரையாடல் அடுத்த பொருளுக்குச் சென்றிருக்கும். வினாவுக்கு விடை வராதது அவமதிப்பன்று.

நேயரின் வினாவை எடுத்துப் பேசுவதற்கென்றே அமைந்த நிகழ்ச்சிகளும் உண்டு. அல் ஜசீரா 2011 இல் தொடங்கிய 'த ஸ்ட்ரீம்' என்னும் நிகழ்ச்சி அவ்வகையது. அங்கே எழுதுவதிற் பயனுண்டு. அதனினும் பயனுடையது, செய்தி நிறுவனத்திடம் இல்லாத ஒன்றை நாம் கொடுப்பது. பி. பி. சி. போன்ற நிறுவனங்களில், பொதுமக்கள் அனுப்பும் படங்களையும் குறிப்புகளையும் சரிபார்ப்பதற்கெனத் தனிப்பகுதிகள் இருக்கின்றன. நிழல் எந்தப் பக்கம் விழுகின்றது, பெயர்ப்பலகையில் எந்த மொழி உள்ளது, அன்று அங்கே மழை பெய்ததா என்றெல்லாம் அவர்கள் துருவிப் பார்க்கின்றனர். அவர்களுக்கு உதவுவது எத்தகைய எழுத்து என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். மாரிகாலத்தில் 'மட்டக்களப்பு வெள்ளத்தில் மூழ்குகின்றது, உலகமே பார்' என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியவராது. 'இன்று காலை 6 மணிக்கு மண்முனைப் பாலத்தின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நின்று நானே பார்த்தேன். வீதிக்கு மேல் முழங்காலளவு நீர். பேருந்து போகவில்லை' என்று எழுதினால், இலண்டனில் இருப்பவர் அதனை வைத்து அடுத்த வினாவைக் கேட்கமுடியும். இடம், நேரம், கண்டவர், கண்டது என்னும் நான்கும் அதில் உள்ளன. இரண்டாவதை எழுதியவர் 'ஆம்' சேர்க்கவேண்டியதில்லை.

பழைய படத்தைப் புதிய நேரலை என்று காட்டி ஏமாற்றுவோர் இன்று பெருகியுள்ளனர். எங்கோ எப்போதோ நடந்த குண்டுவீச்சைச் சுழற்சியாக ஓடவிட்டு, மூலையிற் சிவப்புப் பொட்டும் வைத்துவிடுகின்றனர். இதனைக் கண்டறியப் பெரிய தொழினுட்பம் வேண்டுவதில்லை. பூமிசாத்திரப் பாடம் போதும். கட்டார் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. இலண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடைகாலத்தில் நான்கரை மணியும் பிந்தியது. நமக்கு இரவு 10 மணி எனின் நியூயோர்க்கில் நண்பகலை அண்மித்த வேளை. 'நியூயோர்க்கிலிருந்து நேரலை' என்று கூறும் படத்தில் அவ்வேளை நள்ளிரவாயிருந்தால், அது நேரலையன்று. நெடுங்கோட்டுக் கணக்கு எதற்கு என்று சலித்துக்கொள்ளும் மாணவர்க்கு இதனினும் நல்ல விடை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஒளிபரப்புவோர் யாவர் என்பதையும் பார்த்தல் வேண்டும். பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டி வைப்பது எளிது. அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே காட்சி ஓடுகின்றதா என்று நோக்கினால் ஐயம் தீரும்.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. நேரலைப் படம் தரவை மிகுதியாக உண்ணும். படத்தின் தெளிவைக் குறைத்து வைத்தால் செலவு பெரிதும் குறையும், செய்திக்கு அதனால் நட்டமில்லை. இதனினும் முக்கியமானது, இவ்வசதி முழுவதும் மின்சாரத்திலும் தொலைபேசிக் கோபுரத்திலும் தங்கியிருக்கின்றது என்பது. 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு நம் மாவட்டத்தைச் சூறாவளி தாக்கியபொழுது, மின்கம்பங்களும் தந்திக் கம்பிகளும் தென்னைகளோடு சேர்ந்து சாய்ந்தன. இன்றும் அத்தகைய காற்று வீசுமாயின், மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் கோபுரங்களின் சேமிப்புக் கலங்கள் ஓய்ந்துவிடும். அல் ஜசீராவும் நின்றுவிடும், அயலூர்ச் செய்தியும் நின்றுவிடும். 2019 இல் அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவற்றைச் சில நாட்கள் தடைசெய்ததையும் நாம் மறக்கலாகாது. ஆதலால், மாரி தொடங்குமுன் வீட்டிலுள்ள சிறு வானொலிப் பெட்டியைத் துடைத்து, புதிய பற்றரி இரண்டு வாங்கி அதனருகே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இயங்கும் வரை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைத்து விசாரிக்கலாம்.